ஐம்பதாவது கவர்

என் மகள் கடித்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் சுற்றி வளைத்து, அவள் தேவதை, அவள் பூ, அவள் கடவுளின் குழந்தை என்று ஆரம்பித்தால் மூன்றாவது பத்தியில் நீங்கள் உச் கொட்டத் தொடங்கிவிடுவீர்கள். எனக்கு உச் வேண்டாம். இருபத்திரண்டு வயதுப் பெண். என்னைவிட இரண்டு விரல் உயரம். அறுபத்தெட்டு கிலோ. அவளுக்கு வேலை கற்றுத்தரும் டீச்சரின் பின்னலைப் பிடித்து இழுத்து, விலக்க வந்த முன்கையைக் கடித்தாள். டீச்சர் முழுக்கைச் சுடிதார் போட்டிருந்ததால் தோல் கிழியவில்லை. நீலம் பாரித்திருந்தது. என் மகளின் கோரைப்பல் ஒன்று சற்றுத் துருத்திக்கொண்டிருக்கும். அந்தக் கையில் அது தனியாகப் பதிந்திருந்தது. யார் கடித்தது என்று தெரியாமல் பார்த்திருந்தாலும் நான் கண்டுபிடித்திருப்பேன்.

கோட்டூர்புரத்தில், ஆற்றிலிருந்து ஒரு தெரு தள்ளி, ஒரு பழைய வீட்டின் மாடியில் இருக்கிறது அவள் போகும் இடம். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பதினோரு பேர் அங்கே உட்கார்ந்து மருந்துக்கடைகளுக்குப் பழுப்புக் காகிதக் கவர் ஒட்டுகிறார்கள். ஐம்பது கவர் ஒரு கட்டு. கட்டைச் சுற்றி ரப்பர் பேண்டு. எங்கள் வீடு மந்தைவெளியில். காலை எட்டரைக்கு ஆட்டோ. ஆனால் எட்டு மணிக்கே பையை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமையும் நிற்பாள். இல்லை என்று புரியவைக்க ஒன்பது மணியாகும்.

அன்று போன் வந்தபோது நான் வீட்டில் ஒரு பாடப்புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் பிழைப்பு. வீட்டிலிருந்தபடி செய்யலாம் என்பதால் மகளோடு போகவர நான். மனைவிக்கு வங்கி வேலை. போய்ச் சேர்ந்தபோது மகள் சுவரோரம் உட்கார்ந்து தன் கட்டைவிரல் நகத்தை இன்னொரு நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவள் பக்கத்தில் போகவில்லை. நடுவில் நான்கு மேசை அளவுக்கு வெற்றிடம்.

பொறுப்பாளர் அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவர், முட்டி வலியோடு மாடி ஏறி இறங்குபவர்.

"சார், ரெண்டு வாரம் டைம் தரேன். டாக்டர்கிட்ட போயி டோஸை ஏத்தி, ஏத்தியாச்சுன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. இல்லாட்டி என்னால வெச்சுக்க முடியாது. மீதி பத்து பேருக்கும் நான் பதில் சொல்லணும்ல?"

"அதுவரைக்கும்?"

"நீங்க கூட உக்காந்திருந்தா வரட்டும்."

அவர் முன்னால் மகளின் கோப்பு திறந்திருந்தது. மேல் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: அக்ரெசிவ். நேற்றுவரை அது அங்கே இல்லை. மை காய்ந்து, எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது போல் இருந்தது. பெயர் வைத்தாயிற்று, இனிமேல் யோசிக்க வேண்டாம்.

இரண்டு வாரம். அந்த நாற்காலி போனால் என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் பதினெட்டு வயதில் கையைக் கழுவியது. அதற்குப் பிறகு மூன்று வருடம் வீட்டில். மூன்று அறை, ஒரு பால்கனி, பால்கனிக்குக் கம்பி. அந்த மூன்று வருடத்தில் அவள் உடைக்காத கண்ணாடி இல்லை, நான் எட்டிப் பார்க்காத நிறுவனம் இல்லை. அடையாறில் ஒன்று, வடபழனியில் ஒன்று, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்கு மேலே ஒன்று. எல்லா இடத்திலும் ஒரே புன்னகை. "சண்டித்தனம் பண்ணுமா சார்? அப்ப கொஞ்சம் கஷ்டம்." நான்காவதாகக் கிடைத்தது இது. எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில்தான் அவள் சாயங்காலம் பசியோடு வீடு திரும்புகிறாள். வேலை செய்த பசி.

மாத்திரைக்கு நான் எதிரியில்லை. இப்போதும் தினமும் ஒன்று தருகிறோம். அது இல்லையென்றால் அவளுக்குத் தூக்கமில்லை. ஆனால் போன தடவை டோஸ் ஏற்றியபோது என்ன ஆனது என்று பார்த்தவன் நான். அடிப்பது நின்றது. கூடவே முனகிக்கொண்டே இருப்பாளே, ஏதோ ஒரு சினிமாப் பாட்டின் இரண்டே வரியை, அதுவும் நின்றது. வாயோரம் எச்சில். மூன்று மாதத்தில் பதினோரு கிலோ. சோபாவில் வைத்தால் வைத்த இடத்தில். வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்: "இப்ப எவ்ளோ சமத்தா இருக்கா!" அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றியபடியே, "ஏத்திடலாம்," என்றாள்.

"யோசிக்கவே மாட்டியா?"

"யோசிக்கறதுக்கு எனக்குக் கை வலிக்குது."

அவளுடைய இடது கையில் மூன்று பழைய தழும்புகள். மே மாத வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான். வங்கியில் கேட்டால் வெயில் அலர்ஜி என்று சொல்லிவைத்திருக்கிறாள். மகள் அதிகம் அடித்தது அவளைத்தான். என்னை எப்போதாவதுதான். இந்த வித்தியாசத்துக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு விளக்கம் இருந்தது. அப்பாவுக்குப் பொறுமை ஜாஸ்தி, அதான் அப்பாகிட்ட அடங்கறா. என் அக்கா சொல்வாள், அக்கம்பக்கம் சொல்லும். நான் மறுத்ததில்லை. மறுக்காமல் இருந்ததில் கொஞ்சம் சுகமும் இருந்தது.

மறுநாள் நான் பொறுப்பாளரிடம் சம்பவ நோட்டைக் கேட்டேன். ஒவ்வொரு முறையும் யாராவது அடித்தால், கடித்தால், பொருளை வீசினால் அதில் எழுதுவார்கள். பக்கத்துக்கு மூன்று கட்டம். முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தாள், பின்னால் என்ன நடந்தது. இந்தத் தொழிலில் உள்ளவர்கள் இதை வேதம் போல் நம்புகிறார்கள். நம்பவும் வேண்டும், நல்ல முறைதான். என் மகள் பெயரில் எட்டு மாதத்தில் பத்தொன்பது பதிவுகள். நடுக் கட்டம் நிரம்பி வழிந்தது. தள்ளினாள், கிள்ளினாள், பசைக் கிண்ணத்தை வீசினாள். முதல் கட்டத்தில்?

காரணம் ஏதுமில்லை. நல்ல மனநிலையில் இருந்தாள். கட்டை முடித்தாள். பாராட்டினோம்.

காரணம் ஏதுமில்லை. உற்சாகமாக நாற்காலியை அசைத்துக்கொண்டிருந்தாள். பாராட்டினோம்.

காரணம் ஏதுமில்லை.

காரணம் ஏதுமில்லை.

பத்தொன்பதில் பதினாறில் இதே வாக்கியம், கையெழுத்து மட்டும் மாறி மாறி. நான் பிழை திருத்தும் ஆள். ஒரே வாக்கியம் பதினாறு முறை வந்தால் கண் உறுத்தும். உறுத்தியது. ஆனால் என்ன பிழை என்று பிடிபடவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே பெருக்கித் துடைத்து, சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் தட்டு வைக்கும் ஆயாம்மா கீழிருந்து பக்கெட்டோடு ஏறி வந்தார். முன்பு இதே ஆற்றங்கரையில்தான் வீடு. வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டதிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார்.

"இன்னா சார், மூஞ்சி ஒருமாரி கீது? துன்னியா இல்லியா?"

"சாப்ட்டேன் ஆயாம்மா. ஒண்ணு கேக்கணும். உங்கள எப்பனா அடிச்சிருக்காளா?"

"என்னியவா?" பக்கெட்டைக் கீழே வைத்தார். "என்னிய எதுக்கு அது அடிக்கப் போவுது? நான் இன்னா டீச்சரா?"

"டீச்சரா இருந்தா அடிப்பாளா?"

"பின்ன? ஒரு கட்டு முட்ச்சா போதும், அல்லாரும் சுத்தி நின்னுக்கினு பட்டு பட்டுனு கை தட்டிக்கினு கீறாங்க. எனுக்கே மண்டை கிர்ருங்குது. பாப்பா இன்னா பண்ணும்?"

"நீங்க தட்ட மாட்டீங்களா?"

"எனுக்கு ஏது சார் கை? ஒண்ணுல தொடப்பம், ஒண்ணுல பக்கெட்டு. ரெண்டயும் கீய வெச்சிட்டு கை தட்டிக்கினு நின்னா மேடம் என்னிய வூட்டுக்கு அனுப்சிடும்." சிரித்துக்கொண்டே என் காலை நகர்த்தச் சொல்லிப் படியைத் துடைத்தார்.

நான் உள்ளே போய் மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். முதன்முறையாக, அவளைப் பார்க்காமல் அவளைச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தேன்.

மகள் கவரை மடிக்கிறாள். ஓரத்தை நகத்தால் நீவுகிறாள். பசை, மடிப்பு, அழுத்தல். அவள் முகத்தில் அப்போது இருக்கும் அமைதியை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. நாற்பத்தைந்தில் வேகம் குறைகிறது. நாற்பத்தொன்பதாவது கவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். நோட்டில் இதற்கும் ஒரு குறிப்பு படித்திருந்தேன்: கடைசிக் கட்டத்தில் வேலையைத் தவிர்க்கிறாள், ஊக்கம் தேவை. டீச்சர் குனிந்து, "இன்னும் ஒண்ணுதான், கமான்!" என்றார். நாற்காலி பின்னால் நகர்ந்தது. தோள்கள் இரண்டும் காது வரை ஏறின. நோட்டில் எழுதியிருந்த உற்சாகம் இதுதான். ஐம்பதாவது கவரை ஒட்டினாள். ரப்பர் பேண்டு போட்டாள்.

"கிளாப்ஸ்!"

ஆறு பேர், பன்னிரண்டு கை, அவள் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி. அறைக்குச் சிமெண்டுத் தரை, வெற்றுச் சுவர். எனக்கே நெஞ்சில் அடித்தது. அவள் அன்று யாரையும் அடிக்கவில்லை. மேசையை அடித்தாள், ஓங்கி, உள்ளங்கையால், மூன்று முறை. அவர்களோ அவளும் சேர்ந்து கைதட்டுகிறாள் என்று மகிழ்ந்தார்கள்.

முடித்ததற்குத் தண்டனை. ஒவ்வொரு கட்டுக்கும். அவளுக்குப் பிடித்த ஒரே வேலையின் முடிவில், அவள்மேல் பிரியம் உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தூங்கிய நாளில் தாங்கிக்கொண்டாள். தூங்காத நாளில், மாதவிடாய் நாளில், பக்கத்து வீட்டில் துளை போடும் இயந்திரம் ஓடிய நாளில் தாங்க முடியவில்லை. தாங்க முடியாத நாட்கள் மட்டும் நோட்டில் ஏறின. தாங்கிய நாட்களை எழுத அதில் கட்டம் கிடையாது.

கோபத்தோடு எழுந்தேன். எழுந்தவன் அப்படியே உட்கார்ந்தேன். ஏனென்றால் இந்தக் கைதட்டலை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கைதட்டல் இது.

அவளுக்கு மூன்று வயது. தி. நகரில், துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் ஓர் அறை. கீழே தள்ளுபடிக்கு ஒலிபெருக்கி அலறும். மேலே ஒரு பெண் என் மனைவிக்குக் கற்றுக்கொடுப்பாள். குழந்தை வளையத்தைக் குச்சியில் போட்ட அதே நொடியில் தட்ட வேண்டும், சத்தமாக, முகமெல்லாம் சிரிப்பாக. "இன்னும் சத்தமா தட்டுங்க மேடம், அவளுக்கு உறைக்கணும்." என் மனைவி ஒழுங்கான மாணவி. பல் தேய்த்தால் தட்டினாள். பொத்தான் போட்டால் தட்டினாள். சோற்றை உருட்டி வாயில் வைத்தால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். இருபது வருடம். நான் தட்டவில்லை. பொறுமையால் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். ஆள் நடமாட்டத்தில் கைதட்டிச் சிரிப்பது எனக்குக் கூச்சம். அவ்வளவுதான் என் பொறுமையின் வரலாறு.

இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? மூன்று நாள் சொல்லவில்லை. நான்காம் நாள் அவள் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். அப்போது சொன்னேன், நோட்டை, ஆயாம்மாவை, நாற்பத்தொன்பதாவது கவரை. தி. நகரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை. கேட்டுக்கொண்டே அவள் இடது கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இருபது வருஷமா நான்தான் அவள அடிக்க வெச்சேன்ங்கற."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்ற? சொல்லேன். சொல்றதுதானே உன் வேலை."

"நமக்கு யாரும் சொல்லலைன்னு சொல்றேன்."

"நமக்கு இல்ல. எனக்கு. நீ எங்க இருந்த?" குரல் உயரவில்லை. உயர்ந்தால் மகளுக்கு ஆகாது என்பது அந்த வீட்டின் சட்டம். நாங்கள் சண்டையைக்கூடக் கிசுகிசுத்தே போடுவோம். "நீ ஏன் தட்டல? அத சொல்லு."

"கூச்சம்."

"கூச்சம்!" சிரித்தாள். அழுகைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்த சிரிப்பு. "உன் கூச்சத்துக்குத்தான் பொறுமைன்னு பேர் வெச்சு உங்க அக்கா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காங்களா? சொல்லிடு அவங்ககிட்ட. நாளைக்கே போன் பண்ணி சொல்லிடு."

சொன்னேன். அது வேறு கதை.

மறுநாள் காலை மகள் தானே பொத்தான் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள், ஐந்து பொத்தான், சரியாக. மனைவியின் கைகள் தாமாக எழுந்தன. பாதியில் நின்றன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் அக்குளில் செருகிக்கொண்டாள். மகள் தோளைத் தூக்கிக் காதோடு வைத்துக் காத்திருந்தாள். வரவில்லை. இன்னும் காத்திருந்தாள். பிறகு தோள் மெல்ல, ஒரு பக்கம் முதலில், மறுபக்கம் பிறகு, இறங்கியது. பையை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனாள். சமையலறைக் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கைதட்டலை நிறுத்தச் சொன்னதைப் பொறுப்பாளர் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் இல்லாம, உடனே பாராட்டாம எப்படி சார்? எங்க மெத்தடே அதுதான். மத்தவங்களுக்குப் பிடிக்குதே."

அது நிஜம். பக்கத்து மேசையில் ஒருவர், முப்பது வயது, கைதட்டலுக்காகவே வாழ்பவர். கட்டு முடிந்தும் யாரும் தட்டவில்லை என்றால் எழுந்து நின்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்துத் தட்டவைப்பார். அவருடைய உரிமையை நான் எப்படிப் பறிப்பது? அரை மணி நேரம் வாதாடி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். அவருக்கு மட்டும் கைதட்டல் மொட்டைமாடியில். கட்டு முடிந்ததும் ஒரு டீச்சர் அவரை ராஜமரியாதையோடு மாடிக்கு அழைத்துப் போவார். மேலே பட்டாசு போல் சத்தம் கேட்கும். அவர் இறங்கி வரும்போது நடையே வேறு.

கீழே, என் மகள் மேசையில், ஒருவரும் ஒன்றும் செய்யக் கூடாது. ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அந்த வாரம் பார்த்தேன். கைகள் எழும்பும், நான் முறைப்பேன், கைகள் துப்பட்டாவுக்குள் போகும். புதன்கிழமை ஒரு கல்லூரியிலிருந்து தொண்டு செய்ய மாணவிகள் வந்தார்கள். நான் படியிலேயே மறித்தேன்.

"உள்ள யாரும் கைதட்டாதீங்கம்மா."

"அப்ப வேற என்ன பண்றது அங்கிள்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க."

"ஒண்ணுமேவா?"

"கவர் ஒட்டுங்க."

முகம் சுண்டிப்போய் ஒட்டினார்கள். பாதிக் கவர் கோணல். என் மகள் ஒவ்வொன்றையும் பிரித்துத் திரும்ப ஒட்டினாள். நாற்பத்தொன்பதில் அவள் நிற்கவில்லை. ஐம்பது, ரப்பர் பேண்டு, அடுத்த காகிதம். ஆறு நாள் யாரையும் தொடவில்லை.

ஏழாம் நாள் என்னை அடித்தாள்.

பசை தீர்ந்துவிட்டது. முப்பத்தோராவது கவரில். "அஞ்சு நிமிஷம், வந்துடும்," என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் படிக்கத் தெரியும். பத்து ஆனது. இருபது ஆனது. நாற்பது ஆனது. நாற்காலி நகர்வதைப் பார்த்து நான் பக்கத்தில் போனேன். போயிருக்கக் கூடாது. ஓங்கிய கை என் வாயில் விழுந்தது. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். கையைப் பிடிக்கக் கூடாது. பேசக் கூடாது, ஏன், எதுக்கு, வேணாம் கண்ணு, எதுவும் கூடாது. இரண்டு அடி பின்னால். நாற்காலிகளை ஓரம் தள்ளி, மற்றவர்களை மொட்டைமாடிக்கு அனுப்பி, விளக்கை அணைத்து, அவள் பார்வையில் படாத இடத்தில், ஆனால் அறைக்குள்ளேயே, நிற்க வேண்டும். சட்டையில் ரத்தம் சொட்ட நின்றேன். அவள் தன் தலையில் அடித்துக்கொண்டபோது ஒரு தலையணையை மட்டும் தரையோடு தள்ளிவிட்டேன். ஒன்பது நிமிடம். பிறகு அதன்மேல் தலைவைத்துப் படுத்துவிட்டாள்.

பொறுப்பாளர் அம்மா வாசலில் நின்றிருந்தார். "பாத்தீங்களா சார்? கைதட்டல் இல்லியே இப்ப."

"பாத்தேன். எழுதுங்க."

"முதல்ல உதட்டக் கழுவுங்க சார்."

"எழுதுங்க மேடம். முதல் கட்டத்துல. பசை தீர்ந்துபோச்சு. அஞ்சு நிமிஷம்னு சொல்லி நாப்பது நிமிஷம் ஆச்சு. காரணம் ஏதுமில்லைன்னு மட்டும் இன்னொரு தடவ எழுதாதீங்க. கிழிச்சிப் போட்டுடுவேன் நோட்ட."

கத்தியிருக்கிறேன் போலும். எல்லோரும் பார்த்தார்கள். நோட்டை எடுத்தது கடிபட்ட டீச்சர். மேசையில் குனிந்து, நான் சொன்னதை அப்படியே எழுதினார். எழுதி முடித்து, அடியில் தானாக ஒரு வரி சேர்த்தார்: தாமதம் ஆகும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அடிப்பது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த டீச்சரின் கை வலித்தது. என் உதடு ஒரு வாரம் எரிந்தது. என் மனைவியின் கை இருபது வருடமாக எரிகிறது. நாளைக்கு ஒரு பஸ்ஸில், ஒரு லிஃப்டில், யாரோ தெரியாதவரை அவள் தள்ளிவிட்டால் அவர் கீழே விழுவார், எலும்பு முறியும், நான் போய் நிற்க வேண்டும், நிற்பேன். ஆனால் அவள் அடிப்பது அவள் சுபாவம் என்று மட்டும் யாரும் என்னிடம் எழுதிக் கையெழுத்து வாங்க முடியாது. ஓரிரு சொல்லுக்கு மேல் பேச்சு வராத ஒருத்தி தன் உடம்பால் போடும் சத்தத்தை அணைப்பதற்கு முன், எது எரிகிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு அணையுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். இதற்கு மேல் பணிவாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை.

அடையாறில் டாக்டர் நோட்டின் பிரதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் பேனா மருந்துச் சீட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. என் மனைவியைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்கம்மா?" என்றார். அவள் டோஸை ஏற்றச் சொல்வாள் என்றுதான் நான் காத்திருந்தேன்.

"கொஞ்ச நாள் பாக்கலாம் டாக்டர்," என்றாள். "எனக்கும் பழகணும்."

அதே டோஸ், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

கெடு முடியும் இரண்டாவது வெள்ளிக்கிழமை மதியம், வங்கியில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மனைவி நேரே கோட்டூர்புரம் வந்தாள். பொறுப்பாளர் அம்மா கடிதத்தைப் படித்து மேசையில் வைத்தார்.

"இதுல டோஸ் ஏத்தினதா இல்லியே மேடம்."

"இல்ல. ஏத்தல."

"எனக்கு சேஃப்டி வேணும். நீங்க புரிஞ்சுக்கணும்."

மனைவி ரவிக்கையின் முழுக்கையை முழங்கைவரை சுருட்டினாள். கையை அவருடைய கோப்புக்கு மேல், அந்தச் சிவப்பு மைக்குப் பக்கத்தில், நீட்டி வைத்தாள். வெளியாள் யாருக்கும் அவள் அதைக் காட்டி நான் பார்த்ததில்லை.

"சேஃப்டி எனக்குத் தெரியும் மேடம். இது பொத்தான் போட்டதுக்கு. இது சாப்ட்டதுக்கு. இது எதுக்குன்னு ஞாபகம் இல்ல, ஆனா தட்டினேன், அது ஞாபகம் இருக்கு. எனக்கு யாரும் சொல்லல. உங்களுக்கு நாங்க சொல்றோம். தெரிஞ்சதுக்கு அப்புறமும் அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா அவளாலதான் அனுப்பறோம்னு எழுதாதீங்க."

கடிபட்ட டீச்சர் கதவருகே நின்று, "என் டேபிள்லயே இருக்கட்டும் மேடம்," என்றார்.

பொறுப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். "ஆறு வாரம். டாக்டர் சொன்ன அதே ஆறு வாரம். சார் தினமும் வந்து உக்காரணும்."

"உக்காருவேன்."

"அந்த வார்த்தைய அடிச்சிடுங்க," என்றாள் மனைவி.

"அது ஆறு வாரம் கழிச்சு."

"இப்ப."

கடைசியில் பொறுப்பாளர் அம்மா சொல்லை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் நீல மையில் 'பார்க்க: சம்பவ நோட்டு' என்று எழுதினார். மனைவி அதை இரண்டு முறை படித்தாள். போதாது என்று அவள் முகம் சொன்னது. எனக்கும் போதாது. ஆறு வாரம் கழித்து மறுபடி வந்து கேட்போம், அதற்கடுத்த ஆறு வாரமும் கேட்போம்.

கூடத்துக்கு வந்தோம். மணி மூன்றரை. மகள் இருபத்துச் சொச்சத்தில் இருந்தாள். மனைவி அவ்வளவு தூரம் வந்தவள், மகளையும் கூட்டிக்கொண்டு சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டாள்.

"போலாமா?"

மகள் நிமிரவில்லை. பசை தடவினாள், மடித்தாள், நகத்தால் நீவினாள்.

"நாலு," என்றாள்.

வேலை முடிவது நான்கு மணிக்கு. நாங்கள் இரண்டு பேரும் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.